மங்கலான படங்கள் 1,146

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையிலிருந்து கைப்பேசி ஒரே பாட்டைப் பாடுகிறது. "இடம் நிரம்பிவிட்டது." குளிக்கப் போகும்போது ஒரு தடவை, பேருந்தில் ஒரு தடவை, பாட்டில் ஆலையில் கையுறையைக் கழற்றியதும் ஒரு தடவை. நிரம்பினால் நான் என்ன செய்ய? மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவா?

கைப்பேசியில் இருக்கும் இந்தப் படப்பெட்டி மகள் செய்துவைத்த ஏற்பாடு. நான்கு வருடங்களுக்கு முன், வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய வாரத்தில் செய்தாள். என் கைப்பேசி, அவள் அம்மாவுடையது, அவளுடையது, மூன்றிலும் எடுக்கிற படங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் போய் விழும். யார் எடுத்தாலும் மூவரும் பார்க்கலாம். ஒருவர் அழித்தால் மூவருக்கும் அழியும் என்றும் அன்றே சொன்னாள். பெரிதாகத் தலையாட்டினேன். மூன்றில் ஒன்று நவம்பரிலிருந்து அலமாரி இழுப்பறையில் அணைந்து கிடக்கிறது. மனைவி இறந்த பிறகு அதை நான் தொடவில்லை.

சாயங்காலம் மகளிடம் புலம்பினேன்.

"இன்னும் கொஞ்சம் இடம் வாங்கிடலாம்ப்பா. நான் இங்கேருந்தே பண்ணிடறேன்."

"எதுக்கு? வேண்டாததைக் கழிச்சா தானா இடம் வருது. இருபத்தேழு வருஷமா ஆலையில நான் வேற என்ன பண்றேன்?"

"ஆரம்பிச்சாச்சா!" என்று சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்தது இது இரண்டாவது தடவை.

பிப்ரவரி 21, வெள்ளி

பெட்டி தானாகவே ஒரு படத்தொகுப்பு செய்து அனுப்பியிருக்கிறது. தலைப்பு: "சென்ற ஆண்டின் இனிய தருணங்கள்." துள்ளல் இசை வேறு. முதல் படம் மனைவியின் மருத்துவமனைக் கட்டில். அடுத்தது மாத்திரை அட்டை, மருந்துக் கடையில் காட்டுவதற்காக நான் எடுத்தது. அதற்கடுத்தது அவள் நெஞ்சு எக்ஸ்ரே. அதன்மேல் வண்ணக் காகிதம் தூவிக் கொட்டுகிறது.

பேருந்தில் சத்தத்தோடு ஓடிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டு அமுக்கிப் பிடித்தேன். பைக்குள்ளிருந்து இசை கேட்டுக்கொண்டே இருந்தது. இதைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் —

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ஒரு கேள்வி. இரண்டு வட்டங்களுக்குள் இரண்டு முகங்கள். "இவர்கள் இருவரும் ஒருவரா?" கீழே: ஆம், இல்லை, தெரியவில்லை.

இடது வட்டத்தில் ஆறு வருடங்களுக்கு முந்தைய அவள். தடுப்பூசி அறையில், நர்ஸ் உடையில், கன்னம் நிறைய. குழந்தைகள் "ஊசி அக்கா" என்று கூப்பிட்ட காலம். குத்தி முடித்த பிறகுதான் குழந்தைக்கு அழ வேண்டும் என்றே தோன்றும். அப்படி ஒரு கை. வலது வட்டத்தில் கடைசி மாதங்களின் அவள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக.

நடுக்கம் அந்தக் கையில்தான் முதலில் வந்தது. முதல் நாளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். "ஆடற கைய வெச்சுக்கிட்டு பச்சைப் புள்ளைக்கு ஊசி போடறதா?" என்றாள், அவ்வளவுதான். அழவில்லை.

ஆம் என்று அழுத்த ஒரு நொடி போதும். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'தெரியவில்லை' என்று அழுத்தினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

இடம் நிரம்பிவிட்டதாம். தெரியும்டா.

மார்ச் 2, ஞாயிறு

இன்று உட்கார்ந்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு, ஜன்னல் ஓரம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆலையில் பாட்டில் சோதிக்கும் விளக்குப் பலகை முன்னால் உட்காருகிற மாதிரி.

பெட்டிக்குள் ஒரு பொத்தான் இருக்கிறது: "உங்கள் நினைவுகளைச் சுத்தம் செய்க." இந்தத் தமிழை எழுதிய புண்ணியவான் யாரோ! அழுத்தினால் அதுவே வகை பிரித்துத் தருகிறது. ரசீதுகள் 88. ஒன்றுபோல் இருப்பவை 310. மங்கலானவை 1,146. ஒவ்வொன்றின் கீழும் இரண்டே பொத்தான்கள்: "நீக்கு", "பிறகு". வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. 'பிறகு' என்றால் மறுநாள் அதே கேள்வியோடு வந்து நிற்கும்.

ஒன்றுபோல் இருப்பவற்றில் அவள் முகம் இருந்தது. கை வைக்கவில்லை. அவள் முகம் இருக்கிற எதையும் தொடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பிறகு மங்கலானவை. முதல் படம் பாதித் திரைச்சீலை. இரண்டாவது யாருடைய முதுகோ, சட்டையைப் பார்த்தால் என்னுடையதுதான். மூன்றாவது தரை. எல்லாம் ஒரே ஆட்டம், சாயம் ஈரமாக இருக்கும்போதே துணியால் இழுத்துவிட்ட மாதிரி.

ஆலையில் எங்களுக்கு ஒரு விதி. ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் அது எந்த அச்சில் வந்தது என்று எண் இருக்கும். ஒரே அச்சு எண்ணில் வரிசையாகப் பத்து பாட்டில் குமிழியோடோ விரிசலோடோ வந்தால், பதினொன்றாவதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். அந்த எண்ணில் வந்த மொத்த அடுக்கும் கழிவுத் தொட்டிக்கு. இங்கே நான் இருபது வரை பார்த்தேன். இருபதும் ஆட்டம். மொத்தத்தையும் கழித்தேன்.

"1,146 படங்களையும் நீக்கவா?" நீக்கு. "நிச்சயமாகவா?" நிச்சயமாக.

நிறைய நாளுக்குப் பிறகு ஒரு வேலையை முடித்த நிம்மதி. மகளுக்கு எழுதினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்பினாள்.

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு தொல்லையும் இல்லை. கழித்தவை முப்பது நாள் குப்பைக்கூடையில் கிடக்குமாம். எதற்கு முப்பது நாள்? ஆலையில் நான் கழித்தது அடுத்த மணி நேரத்தில் உலைக்குள் இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

உலைக்காரர் இன்று சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். எனக்குக் 'கழுகு' என்று பேர் வைத்த பாவி இவர்தான். தலைமுடி அளவு விரிசலைக்கூட விடமாட்டேன் என்பதால்.

"ஏம்ப்பா கழுகு, வீட்டுக்குப் போனா யாருகூடப் பேசற?"

"போன்கூட. அது என்னை விட மாட்டேங்குது."

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உண்மையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "இன்னைக்கு எத்தனை கழிச்சீங்க?" நான் எண்ணைச் சொல்வேன். "பாவம்" என்பாள், பாட்டில்களுக்காக. இப்போதும் கதவைத் திறக்கும்போது எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நுழைகிறேன். இன்று நூற்றுப் பன்னிரண்டு.

மார்ச் 29, சனி

பாத்திரம் கழுவும்போது மணி அடித்தது. "குப்பைக்கூடை 3 நாட்களில் காலியாகும். பார்க்கவா?" கை முழுக்க சோப்பு. முழங்கையால் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத வரவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

காலையில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா எடுத்த படமெல்லாம் எங்கப்பா? நேத்து பாக்கணும்போல இருந்துச்சு. தேடினா ஒண்ணுமே இல்ல."

"உங்கம்மா படமெல்லாம் பத்திரமா இருக்கே. நான் ஒண்ணையும் தொடலையே."

"அம்மாவ எடுத்தது இல்லப்பா. அம்மா எடுத்தது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

அவள் கை ஆடியது. அந்தக் கையால் எடுத்த படமும் ஆடத்தானே செய்யும்? வேலையை விட்டு வீட்டில் இருந்த நாட்களில் பொழுதுபோகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். எடுத்ததும் என்னிடம் நீட்டுவாள். நான் பார்த்த பார்வையில் சொல்வேன்: "ஆடிப்போச்சு. அழிச்சிடு." ஒரு நாள்கூட வேறு சொன்னதில்லை. "இருக்கட்டுங்க" என்பாள். கடைசி இரண்டு வருடங்கள். 1,146 தடவை 'இருக்கட்டும்' என்று வைத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் —

இருபது படம் பார்த்தேனே. இருபதிலும் என் கண்ணுக்கு ஆட்டம் மட்டுந்தானே தெரிந்தது? எந்த அச்சு என்று தெரியாமல்தான் கழித்தேனா? இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்கு அந்தக் கை தெரியாதா?

மகளிடம், "இங்கதான் எங்கயாவது இருக்கும், பாக்கறேன்மா" என்றேன். பொய். குப்பைக்கூடையைத் திறந்தேன். ஒரு துடைப்பம் வரைந்து, கீழே எழுதியிருக்கிறது: "இங்கே எதுவும் இல்லை. நன்றாகச் செய்தீர்கள்!"

ஐந்து நாள். ஐந்தே ஐந்து நாள் முன்னால் இவள் கேட்டிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 7, திங்கள்

உதவிப் பக்கத்தில் ஓர் இயந்திரம் பேசுகிறது. வணக்கமாம். இன்று உங்கள் நாள் எப்படி இருக்கிறது என்று கேட்கிறது.

மனைவி எடுத்த படங்களை எல்லாம் நீக்கிவிட்டேன் என்று எழுதினேன். "அருமை! நீங்கள் இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள்." திரும்ப வேண்டும் என்றேன். குப்பைக்கூடையைப் பார்க்கச் சொன்னது. காலியாகிவிட்டது என்றேன். "அருமை!" அவள் இறந்துவிட்டாள், வேறு படம் கிடையாது என்றேன். எதற்கு இதையெல்லாம் ஓர் இயந்திரத்திடம் சொன்னேன்? "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. வேறு விதமாகச் சொல்ல முடியுமா?"

வேறு விதமாக எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 9, புதன், மதியம்

வேலையில் மூன்று விரிசலைத் தவறவிட்டேன். மேற்பார்வையாளர் அந்தப் பாட்டில்களை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். உலைக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ கழிச்சா எங்கிட்ட வருது. நான் உருக்கி மறுபடி அனுப்பறேன். அங்க அப்படி ஆள் யாரும் இல்லையா?"

"இல்ல."

கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினார். பிறகு கேட்டார்: "தங்கச்சியோட போன் எங்க இருக்கு?"

இழுப்பறை! நவம்பரிலிருந்து அணைந்து கிடக்கிறது. நான் அழித்தது மார்ச்சில். அதற்கு விஷயமே தெரியாது!

ஏப்ரல் 9, புதன், இரவு

பேருந்திலிருந்தே மகளுக்கு எழுதினேன்: அம்மா போனில் எல்லாம் இருக்கும், இன்று எடுத்துவிடுவேன். மூன்றரைக்கு வீடு. என் கைப்பேசியைச் சமையல் மேடையில் போட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இழுப்பறையைத் திறந்து, அவள் போனைச் சார்ஜில் சொருகிவிட்டு, கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் திரை வெளிச்சம் வந்தது. பூட்டு எண் என் ஆலைப் பணியாளர் எண். அவள் வேறு எதுவும் வைத்ததில்லை.

பெட்டியைத் திறந்தேன். இருந்தன. எல்லாம் இருந்தன! சின்னச் சின்னச் சதுரங்களாக, வரிசை வரிசையாக. வாய்விட்டுச் சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

ஒரு நிமிடம் இருக்கும். மேலே ஒரு சின்ன வட்டம் சுழல ஆரம்பித்தது. "புதுப்பிக்கிறது…" கடைசி வரிசை காணாமல் போனது. என்னவென்று புரிவதற்குள் அடுத்த வரிசை. வீட்டு வைஃபை அதற்குத் தெரியும். அதுவாகப் போய்ச் சேர்ந்துகொண்டு, நான் மார்ச்சில் இட்ட கட்டளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக — நிறுத்து, நிறுத்துன்னு கத்தினேன். எதை அழுத்தினாலும் நிக்கல. கையால திரையை மூடினேன். கையால மூடினா நிக்குமா? வயரைப் பிடுங்கினேன். அது அது பாட்டுக்கு அழிச்சிக்கிட்டே போச்சு.

முடிந்ததும், "எல்லாம் சரியாக உள்ளது" என்று ஒரு பச்சைக் குறி போட்டது.

சமையலறைக்குப் போய் என் கைப்பேசியை எடுத்தேன். மகளிடமிருந்து ஆறு அழைப்பு, ஒரு செய்தி. "அப்பா வைஃபையை அணைச்சிட்டு அம்மா போனை ஆன் பண்ணுங்க. ரொம்ப முக்கியம்."

ஏப்ரல் 11, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 12, சனி

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் பழுது பார்க்கும் கடைக்கு அவள் போனைக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். போனைக் கணினியோடு சேர்த்து இரண்டு மணி நேரம் பார்த்தாள். நடுவில் வந்த மூன்று பேரைப் பிறகு வரச்சொல்லி அனுப்பினாள்.

"ஒண்ணும் வரல சார். வந்திருந்தா கண்டிப்பா எடுத்துக் குடுத்திருப்பேன்."

போனைத் துடைத்து ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்து அடுத்த பேருந்தை விட்டுவிட்டு, அதற்கடுத்ததையும் விட்டுவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மங்கலானவை என்று நான்தான் அழித்தேன் என்பதை, குப்பைக்கூடையை, பச்சைக் குறியை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டிருக்கலாம்."

"எனக்கு அனுப்புங்கம்மான்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? எல்லாம் பெட்டியிலதான் இருக்கே, எங்க போயிடப் போகுதுன்னாங்க." அழுதாள். நான் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் அழும்போது போனை வைத்துவிட இப்போது எனக்கு உரிமை இல்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அந்த ஒரு நிமிஷம் பாத்தீங்கல்ல? என்ன இருந்துச்சு?"

"என்னவோ… நிறைய."

"மறக்கறதுக்குள்ள எழுதிடுங்கப்பா. தயவுசெஞ்சு."

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதுகிறேன். அதே ஜன்னல் ஓரம்.

திரையில் ஒரு நேரத்தில் நாற்பது சதுரங்கள் இருந்திருக்கும். எவ்வளவு முட்டினாலும் பதினேழுதான் நினைவில் நிற்கிறது. மற்றவை வெறும் நிறங்கள்.

அடுப்பங்கரையில் என் முதுகு. நீலச் சட்டை, தோளில் துண்டு. அவள் நாற்காலியில் இருந்தபடி எடுத்திருக்க வேண்டும், கொஞ்சம் கீழேயிருந்து.

ஜன்னல் வெளிச்சத்தில் தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பார்க்கும் நான். வீட்டு டம்ளரிலும் விரிசல் தேடுகிற ஆள்.

வாய் பிளந்து தூங்குகிறேன். இதில் மட்டும் மூன்று நான்கு இருந்தன.

என் கை, கரண்டி, அவள் மடியில் விரித்த துண்டு. அவளுக்கு ஊட்டிவிடும்போது இன்னொரு கையால் எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

கதவருகே நான், கையில் ஏதோ கனமானது. எனக்குப் பின்னால் பச்சையாக ஒன்று. என்னவென்று தெரியவில்லை.

தெருவில் நான், மேலே ஜன்னலிலிருந்து எடுத்தது. வேலையிலிருந்து வருகிறேன். இதுவும் நிறைய. ஒவ்வொரு நாளும் எடுத்திருப்பாள் போல.

பதினேழில் பதினாறு நான். திரைச்சீலை என்று நினைத்தது திரைச்சீலை இல்லை. அதற்கு அந்தப் பக்கம் நான் வந்துகொண்டிருந்திருக்கிறேன். தரையிலும் என் கால் இருந்திருக்கும்.

ஒரு தடவை கேட்டேன், எதுக்கு இந்தக் கண்றாவி மூஞ்சியை எடுக்கறே என்று. அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுகிறது: "நீங்க பொழுதுக்கும் பாட்டிலைப் பாக்கறீங்க. உங்களை யாரு பாக்கறது?"

என்னை அவ்வளவு பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததெல்லாம் ஆட்டத்தை.

மே 4, ஞாயிறு

பதினேழையும் நல்ல தாளில் எழுதி மகளுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். பெட்டியில் போட மனமில்லை. இன்று கூப்பிட்டாள்.

"அப்பா, அஞ்சாவது படம். பச்சையா ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்களே, அது நான்ப்பா. அம்மா இருந்தப்போ கடைசியா வந்துட்டுக் கிளம்பின அன்னைக்கு. என் பெட்டியைத் தூக்கிட்டு நீங்க முன்னாடி போறீங்க. நான் குறுக்க வந்துட்டேன்னு அம்மா திட்டினாங்க."

"உன்னை எடுக்கலையா?"

"உங்களைத்தான் எடுத்தாங்க. தள்ளுடி, அப்பா மறையறாருன்னாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். யாரும் போனை வைக்கவில்லை.

சாயங்காலம் பெட்டி மறுபடி அந்த இரண்டு வட்டங்களைக் காட்டிக் கேட்டது, இருவரும் ஒருவரா என்று. ஆம் என்று அழுத்தினேன்.

மே 18, ஞாயிறு

மகள் வந்து இரண்டு நாள் ஆகிறது. நாளை காலை கிளம்புகிறாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனாள். கிளிப்பைக்கூடத் தலையிலிருந்து எடுக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, என்னை மாதிரி. ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வைத்தால் விழித்துக்கொள்வாள். அவள் அம்மாவின் நாற்காலியை மெல்ல இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தேன். கைப்பேசியை எடுத்தேன். நான் யாரையும் இப்படிச் சும்மா எடுத்ததே இல்லை. ரசீதும் மாத்திரை அட்டையும்தான் எடுத்திருக்கிறேன்.

கை நிற்கவில்லை. அழுகிறோம் என்று எனக்கு அப்போது தெரியாது. எடுத்துப் பார்த்தால் ஒரே ஆட்டம். கிளிப் ஒரு கோடு, முகம் இரண்டு முகம்.

அவள் எழுந்ததும் காட்டினேன். "ஆடிப்போச்சுப்பா" என்றாள். பிறகு வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெட்டி கேட்டது: "மங்கலான படங்கள் 1. நீக்கவா?" இருக்கட்டும் என்று அதில் ஒரு பொத்தான் கிடையாது. 'பிறகு' என்பதை அழுத்தினேன். நாளைக்கும் வந்து கேட்கும். கேட்கட்டும், நாளைக்கும் அதையே அழுத்துகிறேன்.